கக்கத்துச் சந்தனம்

என் மகன் குளித்துவிட்டு வந்தால் முதல் வேலை, கையைத் தூக்கி இந்தக் கக்கத்தில் ஒரு புஸ்ஸு, அந்தக் கக்கத்தில் ஒரு புஸ்ஸு. நான் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். "அம்மாவுக்கு அலர்ஜி" என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறான். அலர்ஜியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்று சும்மா இருக்கிறேன்.

உங்களிடம் சொல்லலாம். நீங்களும் என்னைப்போல ஐம்பதைத் தாண்டி, தலைக்கு மை பூசி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறவர்கள்தானே. வேர்வை வந்தால் வெயில் என்று அர்த்தம், வேறு ஒன்றுமில்லை என்று நினைத்த காலத்தில் வளர்ந்தவர்கள்.

இப்போது கண்ணமங்கலத்தில் குடியிருந்தாலும் நான் பிறந்தது ஜவ்வாது மலையில். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு ஓடை தாண்டினால்தான் எங்கள் ஊர். குளியல் ஓடையில். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குக் கடலைமாவு இருந்தால் கடலைமாவு, இல்லாவிட்டால் பீர்க்கங்கூடு போட்டு ஒரு தேய். ஆண்கள் கக்கத்தில் படிகாரக் கட்டியை நனைத்து இழுத்துக்கொள்வார்கள், அதுவும் கல்யாணம் காட்சி என்றால். மற்ற நாளில் அவரவர் வாசனை அவரவருக்கு. நைனா மேல் பீடியும் மாட்டுக்கொட்டகையும் வரும். அம்மா மேல் பச்சை மஞ்சளும் அடுப்புப் புகையும். கண்ணைக் கட்டிவிட்டாலும் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். கீழேயிருந்து வந்த வாத்தியார் மட்டும் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். அவர் வந்து போன இடத்தில் பவுடர் வாசனை நிற்கும். நாங்கள் அதற்கு மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

என் நைனாவுக்கு ஊரிலேயே பேர்போன மூக்கு. பலாக்காயின் காம்பை மோந்து பார்த்து, இது நாளைக்கு, அது அடுத்த சந்தைக்கு என்று பிரித்து வைப்பார். தப்பியதே கிடையாது. பலாப்பழ சமயத்தில் ஊரில் திருட்டு நடந்தால், ஆண்பிள்ளைகளையெல்லாம் வேடியப்பன் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்தி அவரை விட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள். களவாடித் தின்றவன் எத்தனை தரம் கை கழுவினாலும் நைனாவிடம் தப்ப முடியாது. மாட்டிக்கொண்டவன் தலையில் பலாத்தோலைக் கவிழ்த்து ஊரைச் சுற்றி ஓடவிடுவார்கள். ஓடுகிறவனும் சிரிப்பான், துரத்துகிறவனும் சிரிப்பான். அவ்வளவுதான் அந்த வழக்கம்.

சித்தப்பா நைனாவுக்கு ஒரே தம்பி. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை. சுண்ணாம்பில் ஊறிய பச்சைத் தோலை இழுத்துப் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருவார். அவர் வருவதற்கு முன்னாலேயே அந்த நாற்றம் வந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் மட்டுமில்லை, பெரிய ஆட்களே அவரை "தோலு" என்றுதான் கூப்பிடுவார்கள். "தோலு வந்துட்டாண்டா, நாய புடிச்சுக் கட்டுங்க" என்பார்கள். சித்தப்பா பல்லைக் காட்டிக்கொண்டு போய்விடுவார்.

இதெல்லாம் நடந்த வருஷம்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சின்னம்மா காவலூர்க்காரி. நல்ல கறுப்பு, நல்ல உயரம், வாய் ஓயாது. சித்தப்பா வந்ததும் அவரை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். எலுமிச்சையை நறுக்கி அவர் நகக்கண்ணில் அழுத்துவாள். அவர் "எரியுது, எரியுது" என்பார். ராத்திரியானால் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்துக்கொள்வாள். குமட்டல் தாங்காமல் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவள் சித்தப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. மூக்கு கேக்க மாட்டேங்குது. நான் இன்னா பண்றது? கொஞ்ச நாளைக்கு அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்."

அம்மா வீட்டுக்குப் போனால் திரும்ப மாட்டாள் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டு நாலு சுவரைத் தாண்டி இது போகவில்லை.

சாமை அறுப்பு ஆரம்பித்த வாரம் சித்தப்பா வந்தபோது நாற்றம் முன்னால் வரவில்லை. ஓடையில் குளித்துவிட்டு வந்தவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கறுப்பு டப்பா, தங்க நிற மூடி, மேலே என்னமோ வெளிநாட்டு எழுத்து. ஷாப்பு முதலாளியின் மகன் சவுதியிலிருந்து கொண்டுவந்ததாம். கையைத் தூக்கி அடித்துக்கொண்டார். வீடு முழுக்கச் சந்தன வாசனை.

"கக்கத்துலயா அடிக்கிறது?" சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அங்கதான் அடிக்கணுமாம். வேர்த்தாலும் நாறாதாம். வெளிநாட்டுல எல்லாரும் தெனமும் அடிச்சுனுதான் வேலைக்கே போவானுங்களாம்."

சின்னம்மா கிட்டே போய் மோந்தாள். இன்னொரு தரம் மோந்தாள். பிறகு டப்பாவைப் பிடுங்கி என் கையைத் தூக்கி எனக்கும் ஒரு புஸ்ஸு அடித்தாள். சில்லென்று இருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். "யார்கிட்டயும் சொல்லாதடி. வாசன போடுறான்னு அதுக்கும் ஒரு பேரு வெப்பானுங்க" என்று டப்பாவைத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மூடியை மட்டும் எனக்குக் கொடுத்தாள், சொப்பு வைத்து விளையாட. அன்றைக்கு அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வரவில்லை. அம்மா இருட்டில் தனக்குள் சிரித்துக்கொண்டதும் எனக்குக் கேட்டது.

மறுநாள் விடியும்போது ஊரே கத்திக்கொண்டிருந்தது. வேடியப்பன் கோயிலை ஒட்டி நின்ற சந்தன மரத்தை யாரோ அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். சாமி மரம் அது. காற்றில் முறிந்து விழுந்த கிளையைத் தவிர அதிலிருந்து ஒரு சிராய்கூட யாரும் எடுத்ததில்லை. அடிக்கட்டையும் மரத்தூளும்தான் மிச்சம். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வெளியாளு வந்தா நாயி கொலச்சிருக்கும். உள்ளூர் கைதான். எல்லா ஆம்பளையும் கோயிலாண்ட வரணும். மோந்து பாத்துரலாம்."

பெண்களை அறுப்புக்குத் துரத்திவிட்டார்கள். நான் நைனாவுக்குக் கூழ் கொண்டுபோகிற சாக்கில் கோயிலுக்குப் போனேன். ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, களத்திலிருந்து சாமை மூட்டையைச் சுமந்து ஓடவிட்டு, வேர்க்க வைத்து நிறுத்தியிருந்தார்கள். வேர்த்தால் உடம்பில் ஏறின சந்தன எண்ணெய் வெளியே வந்துவிடும் என்று கணக்கு. குளிருக்கு மூட்டிய நெருப்பு ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நைனா ஒவ்வொருவராக மோந்துகொண்டு வந்தார். உள்ளங்கை, முழங்கை மடிப்பு, கக்கம். சித்தப்பாவின் உள்ளங்கையை மோந்ததும் முகத்தைச் சுளித்தார். "தோலு" என்று ஒருவன் முனகினான். நைனா அவர் கையைத் தூக்கிக் கக்கத்தருகே மூக்கைக் கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடியும் மோந்தார்.

"இன்னாய்யா, இன்னா வாசன?" என்றார் ஊர்க்கவுண்டர்.

நைனா தூக்கிப் பிடித்திருந்த கையை மெல்ல இறக்கினார்.

"தம்பின்னு மறைக்கிறியா? வேடியப்பன் பாத்துனுகிறான்."

"சந்தனம்" என்றார் நைனா.

அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போயிருக்கலாம். அவர் மூக்கை மறுக்க அந்த ஊரில் வேறு மூக்கு கிடையாது. இத்தனை வருஷம் இதையே நினைத்து நினைத்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன்.

"சென்ட்டுண்ணா அது. சென்ட்டு போட்டேன்" என்றார் சித்தப்பா.

"சென்ட்டு போடறவன் சட்டையில போடுவான். காதுல பஞ்சு வெப்பான். கக்கத்துல எவன்டா போடுவான்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

உண்மையாகவே அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் அது தெரியாது. கக்கத்துக்கென்று ஒரு வாசனை இருக்கும் என்று அவர்கள் கனவிலும் கண்டதில்லை. ஊர்க்கவுண்டரின் மருமகன்தான் கணக்கை முடித்தான். "கைய கழுவிட்டான். அறுத்த கட்டைய கக்கத்துல இடுக்கினு ஓடிக்கிறான். அங்க கழுவ மறந்துட்டான்." எல்லோருக்கும் அது பொருந்திப் போனது.

நைனா கிட்டத்தட்டக் கெஞ்சினார். "எதுக்குடா அங்க போட்ட? சொல்லித் தொலடா."

சித்தப்பா வாயைத் திறந்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். தோலு, தோலு என்று கூப்பிட்ட முகங்கள். பிறகு தலையைக் குனிந்து, "சும்மா போட்டேன்" என்றார்.

என் நாற்றம் தாங்காமல் என் பெண்டாட்டி பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறாள் என்று அவர்களிடம் சொல்வதைவிட அடி வாங்குவது மேல் என்று அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார். இது எனக்கு அப்போது புரியவில்லை. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகுதான் புரிந்தது.

நைனா புளியமரத்தில் ஒரு விளாரை ஒடித்தார். "நானே அடிக்கிறேன். தம்பிய வுட்டுட்டேன்னு எவனும் நாளைக்குச் சொல்லக்கூடாது." முதலில் கையால் ஓங்கி ஓர் அறை, இடது காதின் மேல். சித்தப்பா சுருண்டு விழுந்தார். விரல்களுக்கிடையில் ரத்தம் வந்தது. அப்புறம் விளார். முதுகில் தோல் வரிவரியாகக் கிழிந்தது. ஒருவன் அடித்தால் எல்லாருக்கும் கை ஊறும், உங்களுக்குத் தெரியாததா? நாலு பேர் உதைத்தார்கள். மரத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு உதைத்தார்கள். ஊர்க்கவுண்டரின் மருமகன், "இந்தக் கக்கம்தானே" என்று அந்தக் கையைப் பின்பக்கமாக முறுக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. சித்தப்பா மாடு மாதிரி அலறினார்.

கூழ்த் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு அறுப்புக் காட்டுக்கு ஓடினேன். சின்னம்மாவிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: "சித்தப்பாவ சாவடிக்கிறாங்க. மரத்த அறுத்தாராம். கக்கத்துல சந்தன வாசன வருதாம்."

அவள் அரிவாளோடு ஓடினாள். கோயிலுக்கு ஓடவில்லை, வீட்டுக்கு ஓடினாள். எனக்கு ஆத்திரம் வந்தது. பயந்து ஒளிந்துகொள்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே பெட்டியை அரிவாளால் நெம்புகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது ஒரு கையில் டப்பா, ஒரு கையில் அரிவாள்.

கோயிலடியில் பெண்கள் காலை வைக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டி நடுவில் போய் நின்றாள். சித்தப்பாவைப் பார்த்தாள். தரையில் குப்புறக் கிடந்தார். ஒரு கை மட்டும் எங்கேயோ வேறு திசையில் கிடந்தது.

"மோந்தீங்களே, இதத்தான மோந்தீங்க?" என்றாள். கையைத் தூக்கி ரவிக்கை மேலேயே புஸ்ஸென்று அடித்துக்கொண்டாள். சந்தன வாசனை அந்த ரத்தத்துக்கு நடுவில் பரவியது. "இப்ப என் கக்கத்துலயும் வருது. வாங்க. யாரு மோக்குறீங்க? ஆம்பள கக்கந்தான் மோப்பீங்களா? வந்து மோந்துட்டு என்னையும் கட்டி அடிங்க."

ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் அடிக்கச் சொன்னேன். எனக்கு அவரு மேல வர்ற தோல் நாத்தம் ஒத்துக்கல. எனக்காகத்தான் வாங்கியாந்தாரு. போதுமா? கேட்டீங்களா எல்லாரும்?"

சித்தப்பா உயிரைக் கொடுத்து மறைத்ததை அவள் ஊர் நடுவில் போட்டு உடைத்தாள். நைனா விளாரைப் பிடித்த கையை இன்னும் இறக்கவில்லை. சின்னம்மா அவர் எதிரில் போய் அந்தக் கையின் கக்கத்தில் ஒரு புஸ்ஸு அடித்தாள். "இப்ப நீங்களும் திருடன்தான் மாமா. உங்கள யாரு அடிக்கிறது?"

நைனா டப்பாவைப் பிடுங்கி நெருப்பில் எறிந்தார். சாமி முன்னாடி ஒரு பெண் தன்னை அப்படிக் கேட்டுவிட்டாளே என்ற வெறி. கொஞ்ச நேரத்தில் வேட்டுப் போட்ட மாதிரி அது வெடித்தது. கொள்ளிகள் பறந்தன. தகரத் துண்டு ஒன்று நைனாவின் முழங்காலுக்குக் கீழே ஏறி எலும்பில் நின்றது. அவர் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரிடம் போகவில்லை. நானும் போகவில்லை.

சித்தப்பாவைக் கட்டிலில் கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பலாமரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னது ஊர். அவரும் அப்படியே சொன்னார். கை கோணலாகத்தான் கூடியது. இடது காது போயே போய்விட்டது. அடுத்த கூட்டத்தில் ஊர் என்ன தீர்ப்பு சொன்னது தெரியுமா? மன்னிப்பு என்று நினைக்காதீர்கள். அந்நிய வாசனை போட்டுக்கொண்டு சாமி கிட்டே வந்த குற்றத்துக்கு சித்தப்பா ஒரு கிடாய் தர வேண்டும் என்றது. சின்னம்மா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கினாள். சித்தப்பாவோடு ஆம்பூர்ப் பக்கமே தங்கிவிட்டாள், ஊருக்குத் திரும்பி வரவேயில்லை. என்னிடம் மிஞ்சியது அந்தத் தங்க நிற மூடி மட்டும். கொஞ்ச நாள் சொப்பு வைத்து விளையாடினேன். அப்புறம் அதுவும் ஓடையில் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரையும் மோந்து பார்க்கவில்லை. பலாக்காயைக் கொண்டுவந்து நீட்டினால் நைனா, "தட்டிப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மரத்தை அறுத்தவன் கடைசிவரை அகப்படவில்லை. ரொம்ப வருஷம் கழித்து, அம்மா செத்த துக்கத்தில் இருந்தபோது, நைனாவாகவே ஒருநாள் சொன்னார்: "அன்னிக்கி கவுண்டரு மருமவன் கையில சீமெண்ண வாசன அடிச்சுது. வெளக்குக்கு ஊத்திருப்பான்னு வுட்டுட்டேன். கையில ஒட்டுன சந்தன எண்ணைய போக்கணும்னா சீமெண்ணதான் போட்டுத் தேய்க்கணும்." அவன் அறுத்தான் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது. ஆனால் முறுக்கின கை அவன் கைதான்.

நைனா கடைசி நாட்களில் என் வீட்டில்தான் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகில் புண் வைத்துவிட்டது. எத்தனை துடைத்தாலும் அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். என் மகன் வாசலோடு நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். பெற்றவர் என்று அவரை நேசித்தேன், அன்றைக்குத் தம்பியின் காதில் விட்ட அறையை நினைத்து வெறுக்கவும் செய்தேன். இரண்டும் ஒரே மனதில் குடியிருக்கத்தான் செய்தன.

ஒரு மத்தியானம் சித்தப்பா வந்தார். தனியாக. "உன் சின்னம்மா வர மாட்டேன்னுட்டா. நீ போய்ட்டு வா, எனக்கு அந்த மூஞ்ச பாக்க வேணாம்னுட்டா" என்றார். மூக்கை மூடவில்லை. வேப்பிலை போட்டு வெந்நீர் கேட்டார். கோணல் கையால் அண்ணனைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்தார், புண்ணைத் துடைத்தார், கக்கத்தைத் தூக்கித் துடைத்தார். நைனா கண்ணை மூடியே கிடந்தார். முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைச் சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

துடைத்து முடித்ததும் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அவர் அதை ஒருநாளும் விட்டதில்லையாம். சட்டைப் பித்தானைக் கழற்றித் தன் கக்கத்தில் அடித்துக்கொண்டார். சந்தனம். நான் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டேன். அவர் கையைத் தூக்கியபடியே நைனாவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"அண்ணா. மோந்து பாத்து சொல்லு. இன்னா வாசன?"

நைனா கண்ணைத் திறந்தார். தம்பியின் கக்கத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மூக்கு விடைத்து அடங்கியது.

"ஒண்ணுமில்லடா" என்றார். "ஒரு வாசனையும் இல்ல."

சித்தப்பா குனிந்திருந்ததில் அவருடைய இடது காதுதான் நைனாவின் வாய்ப்பக்கம் இருந்தது. அந்தக் காதில் எதுவும் விழவில்லை. என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னாரு?" என்றார். நான் சொன்னேன்.

"ப்ச். மூக்கும் போய்டுச்சா?" என்று சட்டையைப் போட ஆரம்பித்தார்.

"மூக்கு நல்லாத்தான் இருக்குது சித்தப்பா. காலையில அடுப்புல பாலு அடிபுடிச்சத எனக்கு முன்னாடி அவருதான் படுத்த எடத்துலருந்து சொன்னாரு."

பித்தான் போட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது. சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. சித்தப்பா கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். நல்ல காதை நைனாவின் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "இன்னொரு தபா சொல்லு" என்றார்.